ஏழு பேர் குழுவில் நான்கு இடம்: இது சமநிலையா?

கூழாங்கல்:
ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழுக்களில் கட்சிச் சமநிலைக்குச் சட்டமே காவல் என்று நெடுவழி நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2011 தேர்தலில் எஸ்என்பி, அதாவது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, 129 இடங்களில் 69 பிடித்தது, 53.5 சதவீதம். ஏழு பேர் குழுவில் அவர்களுக்கு நான்கு இடம் போனது. அது 57 சதவீதம். எங்கே ஐயா சமநிலை?

நெடுவழி:
நான்கு வேண்டாம் என்றால் மூன்றுதான் கொடுக்க முடியும். மூன்று 43 சதவீதம். 53.5-க்கு எது கிட்ட வருகிறது? ஒரு ஆளை இரண்டாகப் பிரித்து உட்கார வைக்க முடியாது. கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள்.

கூழாங்கல்:
ஒரு குழுவுக்கு உங்கள் கணக்கு சரி. ஒன்பது பேர் குழுவிலும் அவர்களுக்கு ஐந்து கிடைத்ததே! எல்லாக் குழுவிலும் ஆளுங்கட்சிக்கே பெரும்பான்மை போனால் எதிர்க்கட்சிகள் எந்த மசோதாவை அங்கே திருத்துவது? அங்கே மேலவை கிடையாது. மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் இடம் குழுதான்.

நெடுவழி:
மக்கள் பெரும்பான்மை கொடுத்தார்கள், குழுவிலும் பெரும்பான்மை. ஏழில் நான்கு. இதைவிடக் கிட்டத்தில் ஒரு எண் இருந்தால் காட்டுங்கள்.

வட்டமேசை:
1998-ம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 3-வது அட்டவணை, குழுவுக்கு ஆள் நியமிக்கும்போது கட்சிகளின் பலத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். இத்தனை இடம் என்று அளந்து கொடுக்கவில்லை. 'சட்டமே காவல்' என்பது மிகை.

நெடுவழி:
கருத்தில் கொண்டதால்தான் நான்கு! போன மாதமும் நான் சொன்னதற்கெல்லாம் குறுக்கே வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

மழைக்கால்:
பெரிய கட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2021-ல் லிபரல் டெமாக்ரட்டுகள் நான்கு பேர்தான் ஜெயித்தார்கள். ஐந்து பேர் இல்லாததால், கட்சிப் பிரதிநிதிகள் கூடிக் குழுப் பட்டியலை முன்மொழியும் நாடாளுமன்றப் பீரோ என்ற அமைப்பில் இடமே போய்விட்டது. அவர்களுக்கு யார் பேசுவது?

நெடுவழி:
இன்னும் ஒரு ஆள் ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கும். விதி எல்லாருக்கும் ஒன்றே.

வட்டமேசை:
சரி, முன்னாள் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் மீதான பாலியல் தொல்லைப் புகார்களை அரசு கையாண்ட விதத்தை விசாரித்த குழுவுக்கு வருவோம். ஒன்பது பேரில் எஸ்என்பிக்கு நான்கு. அதில் உறுப்பினரான ஆண்டி வைட்மன் 2020 டிசம்பரில் பசுமைக் கட்சியை விட்டு வெளியேறி, சுயேச்சையாக அதே குழுவில் தொடர்ந்தார். அப்போதைய முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் குழுவைத் தவறாக வழிநடத்தினார் என்ற முடிவு 5-க்கு 4 என்று வந்தது. ஒரு ஆள் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்த இடம் கட்சிக்கா, ஆளுக்கா?

மழைக்கால்:
கட்சிக்குத்தான். விலகியவர் எழுந்து போயிருக்க வேண்டும்.

கூழாங்கல்:
அப்படிச் செய்தால் கொறடா சொல்கிறபடி கை தூக்குகிறவர்கள் மட்டும்தான் குழுவில் மிஞ்சுவார்கள், மழைக்கால். லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் 2010 முதல், அரசுத் துறைகளைக் கண்காணிக்கும் தேர்வுக் குழுக்களில் பெரும்பாலானவற்றின் தலைவர்களை எம்பிக்களே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் அந்தத் துணிச்சல் வரட்டும்.

நெடுவழி:
வெஸ்ட்மின்ஸ்டர் பெருமை இங்கே எதற்கு? அங்கேயும் எந்தக் குழுத் தலைமை எந்தக் கட்சிக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டுத்தான் வாக்கெடுப்பு. என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. 129-ல் 69. ஏழு நாற்காலி. மூன்றா, நான்கா?

கூழாங்கல்:
பதினைந்து குழு என்றால் பதினைந்திலுமா நான்கு? இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நெடுவழி:
நான் முதலில் கேட்டேன்.