சிங்கப்பூர்ல 15 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊருக்குத் திரும்பலாமா இங்கயே இருக்கலாமா? பையனுக்கு 11 வயசு

புதுகைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் கல்யாணம் ஆகி 2010ல சிங்கப்பூர் வந்தேன். அவர் எனக்கு 2 வருஷம் முன்னாடியே வந்துட்டார், ஜூரோங் தீவுல ஒரு பிளான்ட்ல மெயின்டனன்ஸ் இன்ஜினியர். நான் ஒரு சரக்கு கம்பெனில அக்கவுன்ட்ஸ். எங்களுக்கு 2013ல பிஆர், அதாவது நிரந்தரவாசம் கிடைச்சது. பையன் இங்கதான் பொறந்தான், அவனுக்கும் பிஆர், ஆனா பாஸ்போர்ட் இந்தியன் பாஸ்போர்ட்தான். இங்க பொறந்தாலே குடியுரிமை கிடைச்சிடும்னு ஊர்ல நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி கிடையாது. இப்ப பி5 (அஞ்சாம் வகுப்பு) படிக்கறான், அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி முடிக்கற பரீட்சை. ஈசூன்ல வாடகை வீட்லதான் இருக்கோம். வருஷா வருஷம் "திரும்பத்தானே போறோம்"னு சொல்லியே வீடு வாங்காம விட்டுட்டோம்.

விஷயம் என்னன்னா என் மாமனார் ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டார். மாமியார் புதுக்கோட்டைல தனியா இருக்காங்க, 74 வயசு. போன செப்டம்பர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு. காலைல பால் ஊத்தற அம்மா வந்து கதவைத் தட்டி, பதில் வரலைன்னு பக்கத்து வீட்ல சொல்லி, அவங்க பின்வாசல் வழியா போய் பார்த்திருக்காங்க. எவ்ளோ நேரம் அப்படியே கிடந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியலை. திருச்சில ஆபரேஷன் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி ஃபிளைட்டுக்கு இவர் டிக்கெட் எடுக்கும்போது கை நடுங்கினதை நான் இன்னும் மறக்கலை. அதுல இருந்து தினமும் ஒரே பேச்சுதான், போயிடலாம், போயிடலாம்.

இங்க கூட்டிட்டு வந்து பார்த்தோம், ரெண்டு தடவை. ஆனா 11வது மாடில நாள் முழுக்க தனியா உட்கார்ந்து என்ன பண்ணுவாங்க, கீழ இறங்கினா பேச ஆள் இல்லை, ரெண்டாவது வாரமே எப்ப டிக்கெட்னு கேட்க ஆரம்பிச்சிடறாங்க. மெடிஷீல்டு மருத்துவக் காப்பீடு நிரந்தரவாசிங்களுக்கும் குடிமக்களுக்கும்தான், அவங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி பில் முழுசா நம்ம கைல இருந்துதான் போகணும்.

என் பக்கம் சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மாமியார் மேல கோவம் ஒண்ணும் இல்லை, அவங்க என்னை நல்லா வச்சுக்கிட்டவங்க. ஆனா இங்க ராத்திரி 10 மணிக்கு எம்ஆர்டில தனியா வீட்டுக்கு வர்றேன், என் சம்பளம் என் அக்கவுன்ட்ல விழுது, பையன் தனியா பஸ் ஏறி ஸ்கூல் போறான். ஊருக்குப் போனா அவருக்கு வேலை கிடைச்சிடும், எனக்கு? "நீதான் வீட்ல இருக்கியே"ன்னு எல்லாம் என் தலைல வந்து விழும். இதை அவர்கிட்ட இன்னும் முழுசா சொல்லவே இல்லை.

பையனோட என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை (பெரும்பாலும் ராணுவம்) விஷயமும் குழப்பமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஈசூன்_அப்பா:

வணக்கம்மா. நானும் ஈசூன்தான், 24 வருஷமா இங்க இருக்கேன், கும்பகோணம் பக்கம் சொந்த ஊர். என் பையன் போன வருஷம்தான் என்எஸ் முடிச்சான், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க வீட்டுக்காரர் முதல் தலைமுறை, அவருக்கு கிடையாது. பையன் உங்க மூலமா பிஆர் ஆனவன், அவனுக்கு கட்டாயம். பதினாறரை வயசுல பதிவு பண்ணச் சொல்லி லெட்டர் வரும், முழுநேர சேவை 2 வருஷம், அதுக்கப்புறம் வருஷா வருஷம் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குக் கூப்பிடுவாங்க. ஆனா நீங்க கவனிக்க வேண்டிய வயசு 16 இல்லை, 13. 13 ஆயிட்டா 3 மாசமோ அதுக்கு மேலயோ வெளிநாட்ல இருக்கணும்னா எக்ஸிட் பெர்மிட் எடுக்கணும். 2 வருஷமோ அதுக்கு மேலயோன்னா பிணை கேட்பாங்க, 75,000 சிங்கப்பூர் வெள்ளி இல்ல அப்பா அம்மா ரெண்டு பேரோட வருஷ வருமானத்துல பாதி, எது அதிகமோ அது. அப்பா அம்மா வேலைக்காகப் போறாங்கன்னா சில விதிவிலக்கு உண்டு, உங்க கேசுக்கு எப்படின்னு என்எஸ் பார்க்கற ஆபீஸான சிஎம்பிபிக்கு நேரா எழுதிக் கேளுங்க, ஃபோரத்துல நாங்க சொல்றதை மட்டும் நம்பாதீங்க.

இங்க எல்லா சலுகையும் வாங்கிட்டு, 17 வயசுல பிஆரை விட்டுட்டு சேவை பண்ணாம போனா, பின்னாடி அவன் படிக்கவோ வேலைக்கோ இங்க வரணும்னு அப்ளை பண்ணும்போது அது குறுக்க நிக்கும். உங்க ரீஎன்ட்ரி பெர்மிட் (பிஆர் வெளிநாடு போயிட்டு திரும்பி வர்றதுக்கான அனுமதி) புதுப்பிக்கறதையும் பாதிக்கும். அதனால போறதா இருந்தா அவன் சின்ன வயசுலயே முறையா எழுதிக்கொடுத்துட்டு போங்க, அவன் 15 வயசு ஆகட்டும் பார்க்கலாம்னு இழுக்காதீங்க.

இருக்கறதா இருந்தா பயப்படவும் வேண்டாம். என் பையனை சேர்க்கற அன்னிக்கு எங்களையும் பயிற்சி முகாம் இருக்கற தெக்கோங் தீவுக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க படுக்கற இடம் எல்லாம் காட்டி, அங்கயே சாப்பாடு போட்டாங்க. என் மனைவி படகுல திரும்பி வரும்போது பூரா அழுதா. ரெண்டு வருஷம் கழிச்சு அவன் வந்தப்ப எனக்குத் தெரிஞ்ச பையன் இல்லை, தன் துணியை தானே அயர்ன் பண்ணிக்கற ஆளா வந்தான். என் அம்மா போனப்ப நான் ஃபிளைட்ல இருந்தேன், முகம் பார்க்க முடியலை. இதையும் சேர்த்து சொல்லணும்னு தோணுது.

---

காவிரிக்கரை:

அக்கா, நான் 2019ல சிங்கப்பூர்ல இருந்து திருச்சிக்கு திரும்பி வந்தவ. நீங்க கடைசில அவர்கிட்ட இன்னும் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை முதல்ல சொல்லுங்க. சிபிஎஃப் (சிங்கப்பூர்ல உள்ள பிஎஃப்), ஸ்கூல், என்எஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்.

நாங்க என் மாமனாருக்காகத்தான் வந்தோம், பக்கவாதம். வந்து முதல் 8 மாசம் நான்தான் எல்லாம். காலைல எழுப்பி, பல் தேய்ச்சு விட்டு, மாத்திரை, பிசியோதெரபிக்கு ஆட்டோ, திரும்ப வந்து சமையல். என் வீட்டுக்காரர் சென்னைல வேலை கிடைச்சு வாரக்கடைசிக்கு மட்டும் வருவார். அம்மா அப்பாவைப் பார்த்துக்கணும்னு மனசு துடிச்சது அவருக்கு, பார்த்துக்கிட்டது நான். அவர் கெட்டவர் இல்லைக்கா, அவருக்கு அது கண்ணுலயே படலை. ஒருநாள் ராத்திரி நான் உட்கார்ந்து அழுதுட்டே சொன்ன பிறகுதான் பகல்ல ஒரு அம்மாவை வேலைக்கு வச்சோம், அவர் சென்னை வேலையை விட்டுட்டு துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில சேர்ந்தார். சம்பளம் நல்லா குறைஞ்சது, ஆனா ராத்திரி மாமனாரைப் படுக்க வைக்கறது அவர் வேலைன்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் வீடு வீடா இருந்தது. மாமனார் 2022ல தவறினார், கடைசி வருஷம் முழுக்க மகன் கையால சாப்பிட்டார். வந்ததுக்கு நான் வருத்தப்படலை, ஆனா அந்த முதல் 8 மாசம் அப்படி நடந்திருக்க வேண்டியதே இல்லை.

உங்க அவர் வேலை எங்க தேடப் போறார்னு கேளுங்க. புதுக்கோட்டைல இருந்து தினம் போய் வர்ற தூரத்துல கிடைச்சா ஒரு கதை, சென்னை இல்ல குஜராத்னா வேற கதை. அவர் சென்னைலயும் நீங்க மாமியாரோட புதுக்கோட்டைலயும் இருக்கறதுக்குப் பதிலா, அவர் மாசம் ஒருதடவை சிங்கப்பூர்ல இருந்து வந்துட்டுப் போகலாம். 4 மணி நேர ஃபிளைட், திருச்சி ஏர்போர்ட்டே புதுக்கோட்டை ரோட்லதானே இருக்கு, இறங்கினா ஒரு மணி நேரத்துல வீடு.

பையன் தமிழ் பத்தி ஒண்ணு. இங்க வந்தா தமிழ் தானா வந்துடும்னு நினைக்காதீங்க. என் பொண்ணு அங்க தாய்மொழிப் பாடமா தமிழ் படிச்சவ, வாய்மொழித் தேர்வுக்கு எல்லாம் தயார் பண்ணினவ. இங்க சேர்த்த சிபிஎஸ்இ ஸ்கூல்ல பாதிப் பசங்க இந்தி, பிரெஞ்சுன்னு எடுத்திருந்தாங்க, இவ தமிழ் எழுதறதைப் பார்த்து மிஸ்ஸே ஆச்சரியப்பட்டாங்க. தமிழ் வேணும்னா சேர்க்கறப்பவே ரெண்டாவது மொழி எதுன்னு கேட்டு எழுதி வாங்கிடுங்க.

---

கணக்குப்பிள்ளை:

நான் பணம் பத்தி மட்டும். நானும் திரும்பி வந்தவன்தான், என் கேசை நானே படிச்சு பார்த்துக்கிட்டேன்.

சிபிஎஃப் முழுசா வேணும்னா பிஆரை விட்டுட்டு நிரந்தரமா கிளம்பணும். பிஆரையும் வச்சுக்கிட்டு காசையும் எடுக்கறது நடக்காது. அந்தக் காசு பெரிசா தெரியும், ஆனா ஒருதடவை எழுதிக்கொடுத்தா கதவு மூடினதுதான், திரும்ப பிஆர் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால அவசரப்படாம வந்து ஒரு வருஷம் இருந்து பார்த்துட்டு எடுங்க, ரீஎன்ட்ரி பெர்மிட் எப்ப முடியுதுன்னு மட்டும் இப்பவே பாருங்க.

இங்க வரி விஷயத்துல, கடைசி 10 வருஷத்துல 9 வருஷம் நீங்க என்ஆர்ஐயா இருந்திருந்தா, வந்த பிறகு சுமார் 2 வருஷத்துக்கு ஆர்என்ஓஆர்னு ஒரு நிலை கிடைக்கும். அந்த காலத்துல வெளிநாட்ல வர்ற வருமானத்துக்கு இங்க வரி இல்லை. சிங்கப்பூர் கணக்கு எல்லாத்தையும் அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஒழுங்கு பண்ணிடுங்க. வர்ற தேதியும் முக்கியம், பிப்ரவரி கடைசில இறங்கினா மார்ச் 31 வரைக்கும் 60 நாள்கூட ஆகாது, அந்த நிதியாண்டுல அதுக்கு முன்னாடி அதிக நாள் வந்து தங்கலைன்னா என்ஆர்ஐயாவே முடிஞ்சிடும். நிறைய பேர் பண்ற தப்பு, வந்த பிறகும் என்ஆர்இ (என்ஆர்ஐங்களுக்கான) டெபாசிட்டை அப்படியே விட்டுட்டு வட்டிக்கு வரி இல்லைன்னு நினைச்சுக்கறது. நிரந்தரமா வந்துட்டா பேங்க்ல சொல்லி மாத்தியாகணும், வெள்ளியாவே வச்சுக்கணும்னா ஆர்எஃப்சி கணக்கு கேளுங்க.

பையனுக்கும் இது பொருந்தி வருது பாருங்க. பிஎஸ்எல்இ ரிசல்ட் நவம்பர் கடைசில வரும், பிப்ரவரில கிளம்பலாம், இங்க சிபிஎஸ்இ ஏப்ரல்ல ஆரம்பிக்கும், நேரா ஏழாம் கிளாஸ். அவனுக்கு 13 ஆறதுக்கு முன்னாடி.

---

புதுகைப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காவிரிக்கரை, உங்க பதிலை மூணு தடவை படிச்சேன். அப்புறம் சனிக்கிழமை பையன் டியூஷன் போன நேரம் பார்த்து அவர்கிட்ட கொடுத்து படிக்கச் சொன்னேன். அவர் படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "நீ வேலையை விடணும்னு நான் நினைக்கவே இல்லையே"ன்னார். நினைக்கலைதான், ஆனா பின்ன யாருன்னும் யோசிக்கலைன்னு சொன்னேன். சண்டையெல்லாம் இல்லை, ரெண்டு பேரும் டெக்கா மார்க்கெட் வரைக்கும் போய் காய்கறி வாங்கிட்டு நடந்துட்டே பேசினோம், பல வருஷத்துக்கு அப்புறம் அவ்ளோ நேரம் பேசினது அன்னிக்குத்தான்.

இப்போதைக்கு முடிவு பண்ணினது இவ்ளோதான். அவர் சம்பளம் இல்லாத லீவு 2 மாசம் கேட்டிருக்கார், மே மாசம் கிடைக்கும்போல இருக்கு. அவர் தனியா போய் அம்மாவோட இருப்பார், குளிக்க வைக்கறதுல இருந்து மாத்திரை வரைக்கும் அவரே. அந்த நேரத்துல திருச்சி பக்கம் வேலையும் கேட்டுப் பார்ப்பார். ஜூன் லீவுக்கு நானும் பையனும் போறோம், அந்த மாசம் அங்க ஸ்கூல் திறந்திருக்கும்ல, ரெண்டு மூணு ஸ்கூல் நேரா போய் ரெண்டாவது மொழி என்னன்னு கேட்கப் போறேன். என் மேனேஜர்கிட்ட ஊர்ல இருந்து வேலை பார்க்க முடியுமான்னு கேட்டேன், யோசிச்சு சொல்றேன்னாங்க. சிஎம்பிபிக்கும் எழுதியாச்சு. பிஎஸ்எல்இ முடியறவரைக்கும் பையனை நகர்த்தறதில்லை, அதுல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். பையன்கிட்ட கேட்டதுக்கு அவன், ஆயா வீட்ல நாய் வளர்க்கலாமா, வளர்க்கலாம்னா வர்றேன்னான்.

மாமியார்கிட்ட போன்ல சொன்னோம். "எனக்காக வேலையை எல்லாம் விட்டுட்டு வராதீங்க"ன்னாங்க. வச்சிட்டு பத்து நிமிஷத்துல அவங்களே திரும்ப கூப்பிட்டு, மே மாசம்னா எத்தனாம் தேதின்னு கேட்டாங்க.

ஒரு உதவி வேணும். புதுக்கோட்டை டவுன்ல பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வயசானவங்களுக்கு ஏத்த மாதிரி போட்டுத் தர்ற நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா? அவர் போறதுக்கு முன்னாடியே அந்த வேலை முடியணும்.

---

காவிரிக்கரை:

தெரியும்க்கா, எங்க வீட்ல போட்டவர் கீரனூர்க்காரர், புதுக்கோட்டைக்கும் வருவார். நம்பர் தனி மெசேஜ்ல அனுப்பறேன். கைப்பிடியை டாய்லெட் பக்கம் மட்டும் போடாதீங்க, வாசல்படிலயும் ஒண்ணு போடச் சொல்லுங்க, மாமனார் ரெண்டாவது தடவை விழுந்தது அங்கதான்.