நானோ பாடத்தில் ‘நிலைத்தன்மை’ இடறுகிறது: ‘பேண்தகைமை’ சரிவருமா?

அன்புடையீர், வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு நானோ செய்முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். லிட்டருக்கு 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட் கரைத்த நீரில், வேப்பிலை கொதித்து வடித்த நீரைக் கலந்தால் கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாகும். இலையிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் தந்து ஒடுக்கி 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்குகின்றன. துகள்மேல் படிந்து அவை திரளாமலும் காக்கின்றன. ஒடுக்குவதற்கு வழக்கமாகச் சேர்க்கும் சோடியம் போரோஹைட்ரைடு வேண்டாம். அனஸ்தாசும் வார்னரும் 1998இல் வகுத்த, கழிவையும் நஞ்சையும் குறைக்கும் பசுமை வேதியியலின் 12 நெறிகளைப் பள்ளியில் கண்முன் காட்ட இதுவே எளிய வழி.

சிக்கல் சொல்லில்தான். ஸ்டெபிலிட்டி (மாறாமல் நிற்பது), சஸ்டெயினபிலிட்டி (சூழலும் வளமும் கெடாமல் தொடர்வது) இரண்டையுமே ‘நிலைத்தன்மை’ என்கிறோம். இந்தப் பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. துகள் திரளாமல் நிற்பது ஒன்று. அதே வெள்ளி குளத்துக்குப் போனால் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ‘துகள் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கிறதோ அவ்வளவும் சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நான் கொடுத்த சொல்லை நம்பித்தான் எழுதியிருக்கிறாள்.

சஸ்டெயினபிலிட்டிக்கு ‘பேண்தகைமை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி, இலங்கையிலிருந்து:

வணக்கம் ஐயா. இங்கே ‘நிலைபேறான அபிவிருத்தி’ நன்கு வேரூன்றிய வழக்கு. ‘நிலைபேறு’ என்பதையே எடுத்தால் என்ன? பேண் + தகு புணர்ந்தால் ‘பேண்டகு’ என்றல்லவா வரும்? அதோடு, ‘தகு’ என்றால் பேணுவதற்கு உரியது என்ற பொருளும் தட்டுகிறது.

மறுமொழி:

நன்றி அம்மா. நிலைபேறு நல்ல சொல். ஆனால் எங்கள் நூல்களில் அணைவுச் சேர்மங்களின் (உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறோ அயனியோ பிணைந்தவை) ஸ்டெபிலிட்டிக்கு ‘நிலைப்புத்தன்மை’ ஊன்றிவிட்டது. இரண்டும் ‘நிலை’யில் பிறந்தவை, மாணவர் காதில் ஒன்றாகவே விழும். ‘வளங்குன்றா’ என்பதையும் எண்ணிப்பார்த்தேன். வளர்ச்சியோடு இசைகிறது, வேதிவினையோடு ஒட்டவில்லை. வளங்குன்றா ஒடுக்கம் என்று எப்படி எழுதுவது? பேண்தகு ஒடுக்கமுறை என்று எழுதிவிடலாம்.

‘எரியத்தக்க’, ‘கரையத்தக்க’ என்று இயல்வதையும் ‘தக்க’ என்றே குறிக்கிறோம், ஆகவே பொருள் தடை இல்லை. ‘பேண்டகு’ இலக்கணப்படி சரி. பிள்ளைகளுக்கு வேர் மறைந்துவிடுமே என்றுதான் புணர்த்தாமல் எழுதுகிறேன். அந்த வேர் எனக்கு முக்கியம். ‘நிலை’ தானாக நிற்கும். ‘பேண்’ என்றால் பேண ஆள் வேண்டும். மீந்த பழுப்புக் கரைசலைத் தொட்டியில் கொட்டலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் எழும்.

செய்முறையின் முடிவை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘கூழ்மத்தின் (நுண்துகள் மிதக்கும் நீரின்) நிலைப்புத்தன்மையை ஒரு வாரம் கவனித்துக் குறிக்கவும். பிறகு முழுவதையும் வெள்ளிக் கழிவுப் புட்டியில் ஊற்றவும். இம்முறை எந்த அளவு பேண்தகு முறை? காரணம் தருக.’