அறுபதாம் கல்யாணத்துக்குத் தோக்கியோவில் சுஷி விருந்து: சனிக்கிழமையில் மாட்டிக்கொண்டோம்

தாம்வே அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நான் ரங்கூன் தாம்வேயில் இருக்கிறேன். மகள் தோக்கியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், மூன்று வருடம் ஆகிறது. அவள் அப்பாவுக்கு இந்த ஐப்பசியில் அறுபது முடிகிறது. ஹோமம், மாலை மாற்றுவதெல்லாம் இங்கே கோயிலில்தான். அதற்கு முன்னால் அக்டோபர் முதல் வாரம் எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூப்பிட்டிருக்கிறாள்.

கின்சாவில் ஒரு சுஷிக் கடையில் சனிக்கிழமை மதியத்துக்கு இடம் பிடித்துவிட்டாள். மேசை கிடையாதாம், சமைக்கிறவர் முன்னால் நீளப் பலகை, பத்தே பேர். என்ன வேண்டும் என்று நாம் சொல்வதில்லை, அவர் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், அதற்கு ஒமகாசே என்று பெயராம். ஆளுக்கு 16,500 யென். மூன்று பேருக்கு 49,500. ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அதைக் கொட்டுவதா என்று எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

இன்னொன்று, அவள் அப்பா புரட்டாசிச் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். சின்ன வயதிலிருந்து ஒரு வருடம் விட்டதில்லை. மகள் அதை மறந்துவிட்டாள், சொன்னால் அழுவாள். அன்றைக்கு அவருக்கு மட்டும் காய்கறியில் செய்து தரச் சொல்லலாமா? பச்சை மீனும் நாங்கள் சாப்பிட்டதே இல்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பகோ தம்பி:

அக்கா, பேசாமல் அதை ரத்து பண்ணிவிட்டு தட்டு சுற்றி வருகிற கடைக்குப் போங்கள். 1958-ல் ஓசாகா பக்கத்தில் ஆரம்பித்த முறை, இப்போது ஜப்பான் முழுக்க இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், வெள்ளரிக்காய் சுருள், முட்டை எல்லாம் வரும். மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அந்தக் காசில் கால்வாசி ஆகாது. கடை பெயரை வேறு நீங்கள் சொல்லவில்லை. மிஷெலின் என்ற உணவக வழிகாட்டியில் நட்சத்திரம் வாங்கிய கடைதானா என்றாவது பாருங்கள்.

பின்கட்டு ஆள்:

அக்கா, நான் ஒன்பது வருடம் தோக்கியோவில் இருந்தேன். அதில் நாலு வருடம் கின்சாவில் ஒரு சுஷிக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன், செதிள் எடுத்தேன், அரிசி களைந்தேன். அந்தப் பலகையை உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் சனிக்கிழமை. காய்கறி கேட்காதீர்கள். அங்கே ஆள் வருவதே மீனுக்காக. கடைசியில் தருகிற முட்டையில்கூட பல கடைகளில் இறாலை அரைத்துச் சேர்ப்பார்கள். மேலே தடவுகிற சோயாச் சாற்றில் சாக்கே சாராயம் போட்டுக் காய்ச்சியிருப்பார்கள். ஐயாவின் விரதமும் நிற்காது, சமைக்கிறவரும் சங்கடப்படுவார். இன்றைக்கே மகளிடம் சொல்லி நாளை மாற்றுங்கள். அவள் அழுதால் அழட்டும், பலகை முன்னால் உட்கார்ந்த பிறகு சொல்வதைவிட இது மேல். கார்டு எண் வாங்கியிருப்பார்கள், கிட்ட நெருங்கி ரத்து செய்தால் முழுத் தொகையும் பிடிக்கிற கடைகள் உண்டு. ஒரு மாதம் இருக்கும்போது தேதி மாற்றினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஞாயிறு தொயோசு மீன் சந்தைக்கு விடுமுறை, புதன்களிலும் பல வாரம் மூடுவார்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி கேட்டுப் பாருங்கள்.

தம்பி, நட்சத்திரத்தை வைத்துக் கடையை எடைபோடாதீர்கள். 2014 ஏப்ரலில் ஒபாமா போய்ச் சாப்பிட்ட சுகியாபாஷி ஜிரோவுக்கு மிஷெலின் மூன்று நட்சத்திரம் இருந்தது. 2019 நவம்பரில் வந்த பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ருசி குறைந்து அல்ல, பொதுமக்கள் நேரடியாக இடம் பிடிக்க வழியில்லை என்பதால்.

பச்சை மீனைப் பற்றிப் பயம் வேண்டாம் அக்கா. ஐஸ் இல்லாத காலத்தில் எடோ என்று பெயர் இருந்த பழைய தோக்கியோவில் தெருவில் விற்ற பண்டம் இது. மீன் கெடாமல் இருக்க உப்பிட்டார்கள், காடியில் போட்டார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், வேகவைத்தார்கள். இன்றைக்கும் நல்ல கடையில் அந்தக் கைவேலைக்குத்தான் காசு. கோஹாதா என்று மத்தி மாதிரி ஒரு சின்ன மீன். உப்பு எவ்வளவு நேரம், காடி எவ்வளவு நேரம் என்று அன்றைய மீனின் கொழுப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். எங்கள் கடையில் சமைக்கிற பெரியவர் அதை யாரிடமும் விடமாட்டார். கடல் விலாங்கு, அனாகோ என்பார்கள், வெந்து பஞ்சு மாதிரி இருக்கும். இறாலும் வேகவைத்தது. நம் பர்மா ஙாச்சின் சாப்பிட்டவர்களுக்கு இதெல்லாம் அந்நியமே இல்லை. மீனையும் சோற்றையும் சேர்த்துப் புளிக்கவைப்பதுதானே ஙாச்சின்? சுஷியின் மூதாதையும் அதுதான். பிவா ஏரிப் பக்கம் ஃபுனாசுஷி என்று இன்னும் போடுகிறார்கள், ஜாடியைத் திறந்தால் மோல்மேன் பாட்டி வீட்டு வாசனை.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பன்னிரண்டு மணி என்றால் பத்து நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள். அந்த நேரத்துக்குக் கணக்காகத்தான் சோறு வடிவம் பெறும். காடி கலந்து, மரத் தொட்டியில் உடம்புச் சூட்டில் வைத்திருப்போம். ஒரு நாள் நாலு பேர் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார்கள். மற்ற ஆறு பேரும் காத்திருந்தார்கள். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தத் தொட்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் புதிதாக உலை வைக்கச் சொன்னார். அரிசி களைந்த எனக்குத்தான் தெரியும் அது என்ன வலி என்று. அதேபோல் உங்கள் முன் வைத்த உடனே வாயில் போட்டுவிடுங்கள். தோசைக்கல்லிலிருந்து இலைக்கு வந்த தோசையை ஆறவிட்டா தின்போம்? கையால் எடுக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இரண்டாகக் கடிக்காதீர்கள். பெரிதாக இருந்தால் "ஷாரி சீசாமே" என்று சொல்லுங்கள், சோற்றைக் குறைத்துப் பிடிப்பார். இஞ்சி நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய, மீன்மேல் வைக்க அல்ல.

அன்றைக்கு மல்லிகைப்பூ வேண்டாம் அக்கா. ஐயாவுக்கு ஜவ்வாதும் வேண்டாம். பத்துப் பேர் தோளோடு தோள் உட்காரும் இடம், மீனின் வாசனை மிக மெல்லியது. திருநீறு தாராளமாகப் பூசட்டும். பலகை ஹினோக்கி மரம், வளையல், கைக்கடிகாரம் உரசினால் கோடு விழும், கழற்றிப் பையில் வையுங்கள். குடிக்க "ஓச்சா" என்றால் தேநீர் வரும். டிப்ஸ் கொடுக்கவே கூடாது, எழும்போது "கோச்சிசோசமா", அதாவது விருந்துக்கு நன்றி என்று சொன்னால் போதும்.

காசு விஷயம். உங்கள் மகளை எனக்குத் தெரியாது. ஆனால் நான் அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் என் அப்பாவை ஒரு தடவை அந்தப் பலகை முன்னால் உட்காரவைக்க ஆசைப்பட்டேன். விசாவுக்கு எழுதுவதற்குள் அவர் போய்விட்டார். அவள் கையைத் தடுக்காதீர்கள்.

மோல்மேன் ராணி:

பின்கட்டு அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஒவ்வாமை, ஆகாத பொருள் எதுவானாலும் இடம் பிடிக்கும்போதே எழுதிவிட வேண்டும். என் மாமியாருக்கு நண்டு, இறால் ஆகாது. முன்கூட்டிச் சொன்னதால் வேறு வைத்துத் தந்தார்கள்.

தாம்வே அக்கா:

போய்வந்துவிட்டோம். ஐப்பசியில் ஹோமமும் நல்லபடி நடந்தது.

மகளிடம் அன்றே சொன்னேன். அழவில்லை, "அப்பாவுடைய சனிக்கிழமையை எப்படிம்மா மறந்தேன்" என்று பத்துத் தடவை கேட்டாள். வியாழக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை.

முதல் துண்டு வெள்ளை மீன். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார். சூரை மீன் மூன்று விதமாக வந்தது, கொழுப்புள்ளது எனக்குத் திகட்டியது, அவருக்குப் பிடித்தது. கோஹாதா வந்ததும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா போட்ட புளிப்பு" என்றார். மகள் அதைச் சமைக்கிறவரிடம் ஜப்பானிய மொழியில் சொன்னாள். அவர் ஙாச்சின் என்ன மீனில் போடுவது, எத்தனை நாள், சோறு எவ்வளவு என்று கேட்கக் கேட்க இவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பலகையில் இருந்த மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து முட்டை வைக்கும் முன்னால், கேட்காமலேயே அவருக்கு மட்டும் இன்னொரு கோஹாதா பிடித்து வைத்தார் அந்த மனிதர்.

ஒன்றே கால் மணி நேரம். எனக்கு வயிறு நிறையவில்லை, உண்மையைச் சொல்கிறேன். சாயங்காலம் தோக்கியோவிலேயே தக்கதானோபாபா என்ற பகுதியில் நம் பர்மாக் கடைகளுக்குப் போய் மொகிங்கா, அதுதான் மீன் சாற்றில் அரிசி நூடுல்ஸ், சாப்பிட்டோம். அங்கே பர்மா பேச்சு கேட்டதும் மகள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

பின்கட்டு அண்ணா, எழும்போது அவர் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று "கோச்சிசோசமா" என்று கைகூப்பினார். உங்கள் அப்பாவையும் நினைத்துக்கொண்டோம்.