மருந்துவாழ் மலையில் மாலை நேர ஏற்றம்: எப்போது புறப்படலாம்?

கேள்வி:
சித்திரைப் பௌர்ணமியன்று, கன்னியாகுமரிக்கு அருகே பொற்றையடியிலுள்ள மருந்துவாழ் மலையில் ஏறி, மேற்கே கதிரவன் மறைவதையும் கிழக்கே நிலவு எழுவதையும் அங்கிருந்தே காண விரும்புகிறோம். அறுபது வயதைக் கடந்த என் தாயாரும் வருகிறார். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
அந்தப் பருவத்தில் அங்கே ஆறரை மணியளவில்தான் பொழுது சாயும் என்றாலும், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை மாலையிலும் அனலாகத் தகிக்கும் என்பதால், அம்மாவை நிழல் கண்ட இடங்களில் அமரவைத்து அழைத்துச் செல்ல வசதியாக நான்கு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள். தண்ணீரையும் தின்பண்டங்களையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். கையில் பை தொங்கினால் குரங்குகள் பறித்துவிடும்; படிகள் முடிந்தபின் பாறையைப் பற்றி ஏறவும் இரு கைகளும் வேண்டும்.

மறுமொழி 2:
நேரம் குறித்து மேலே சொன்னதே சரி. ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். என் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றியதுதான். முழு நிலவானாலும் மரங்களுக்கு அடியில் படியின் விளிம்பு தெரியாது. ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். இருட்டியபின் இறங்க அனுமதி உண்டா என்பதை அடிவாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், உச்சிவரை வற்புறுத்தாதீர்கள்.