மறுமொழி: ‘சி.பி. பாயிண்ட்’டுக்குத் தமிழ் – ‘பிரிமுனை’யை முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) வண்டிகளின் பற்றவைப்புப் பாகங்களைத் தேடிப்பிடித்து மாற்றுவது பற்றி நாம் எழுதிவரும் கையேட்டில் ‘சி.பி. பாயிண்ட்’டை, அதாவது ‘கான்டாக்ட் பிரேக்கர் பாயிண்ட்’டை, என்னவென்று எழுதுவது என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்டிருந்தார். இதுவரை ‘தொடுமுனை’, ‘தொடுகை முறிப்பான்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

முதலில் அந்தப் பாகத்தின் வேலை. மேக்னட் (இன்ஜினோடு சுற்றும் காந்தம் பதித்த சக்கரம்) சுற்றும்போது, அதன் உள்ளே அசையாமல் நிற்கும் தகட்டிலுள்ள சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும் வரை அது பாயிண்ட் வழியாகவே சுற்றி வந்துவிடும், பிளக்குக்கு ஒன்றும் போகாது. சுற்றிவரும் கேம் என்ற மேடு வந்து பாயிண்ட்டின் ஃபைபர் காலைத் தள்ள, இரண்டு முனைகளும் விலகுகின்றன. விலகிய அந்தக் கணத்தில் ஓட்டம் அறுபடுகிறது, ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது, பிளக்கில் பொறி அடிக்கிறது. தொடும்போது ஒன்றுமே நடப்பதில்லை. நடப்பதெல்லாம் பிரியும்போதுதான். ‘தொடுமுனை’ என்று எழுதினால் புதிதாகப் படிக்கிற பையன் இரண்டு முனையும் முட்டும்போது பொறி வருகிறது என்றுதான் நினைப்பான். டைமிங் (பொறி அடிக்க வேண்டிய நேரம்) வைக்கும்போது மூடுகிற இடத்தில் குறி போட்டுவிடுவான்.

‘தொடுகை முறிப்பான்’ பொருளளவில் சரி. ஆனால் மின்னியல் பாடங்களில் ‘சுற்று முறிப்பான்’ ஏற்கெனவே சர்க்யூட் பிரேக்கருக்கு நிலைத்துவிட்டது. அது கோளாறு வந்தால் அறுப்பது. நம்முடையதோ இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் விலகிச் சேர்வது. அப்புறம், பட்டறையில் நின்று இரண்டு சொல்லாக நீட்டி யார் சொல்வார்கள்?

என் முன்மொழிவு: பிரிமுனை. வினைத்தொகை. பிரிந்த, பிரிகிற, பிரியும் முனை. விட்டுவிட்டு வேலை செய்யும் பாகத்துக்கு முக்காலமும் அடங்கிய சொல் பொருத்தமாகவே இருக்கிறது. நான்கே எழுத்து, வாயில் தடுக்காது. இதிலிருந்து மற்றவையும் கிளைக்கும்: பிரிமுனை இடைவெளி, பிரிமுனைத் தகடு. முனைகள் விலகும் நேரத்துக்குப் ‘பிரிகணம்’ என்று வைத்துக்கொள்ளலாம். டைமிங் வைக்கும் அத்தியாயத்துக்கு இந்தக் கடைசிச் சொல் மிகவும் தேவை. பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் என்ற அளவுமானியை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் பிரிகணம் வருகிறது என்றுதானே பார்க்கிறோம்? சிகரெட் பெட்டித் தாளை முனைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிற மெக்கானிக்கும் அதையேதான் தேடுகிறார்.

இடைவெளியும் டைமிங்கும் தனித்தனி விஷயம் இல்லை என்பதையும் இந்தச் சொல் எளிதாக விளக்கிவிடும். பல டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை. அதைக் கூட்டினால் முனைகள் சீக்கிரம் பிரியும், பொறி முந்தும். ஃபைபர் கால் தேய்ந்தால் இடைவெளி குறையும், பொறி பிந்தும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங். இதை மாற்றிச் செய்தால் இரண்டாம் முறையும் தகட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

மற்ற மொழிக்காரர்கள் செய்ததையும் பார்த்தேன். ஜெர்மானியர்கள் இதை ‘உண்டர்பிரெஹர்’ என்கிறார்கள், அதாவது இடைமறிப்பது. ஸ்பானியர்கள் ‘பிளாட்டினோஸ்’, பிரெஞ்சுக்காரர்கள் ‘பிளாட்டினத் திருகுகள்’. ஒரு காலத்தில் முனையில் பிளாட்டினம் இருந்ததால் வந்த பெயர். பின்னால் டங்ஸ்டன் வந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. உலோகம் மாறும், வேலை மாறாது. வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே நமக்கு நல்லது.

வியாசர்பாடி அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார்: “கடையில போய்ப் பிரிமுனை குடுங்கன்னு கேட்டா எவன் எடுத்துத் தருவான்?” உடனே தரமாட்டார்கள்தான். கையேட்டின் ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல்முறை ‘பிரிமுனை, அதாவது பாயிண்ட்’ என்று எழுதுவோம். பிறகு பிரிமுனை மட்டும். கடைக்குப் போகிறவர் பாயிண்ட் என்றே கேட்கட்டும்.

என்னைக் கேட்டால் பாயிண்ட்டை விடப் பெரிய குழப்பம் ‘காயில்’. நம் பக்கத்துக் கடைகளில் நான்கு வெவ்வேறு பாகங்களுக்கு அந்த ஒரே பெயர். அந்தக் குழப்பத்தால் நமக்கு வீணாகும் பணம் கொஞ்சமல்ல. நான்குக்கும் பெயர் தருகிறேன். தகட்டில் பற்றவைப்புக்கு மின்சாரம் தருவது ஊட்டுச்சுருள். அதே தகட்டில் விளக்குக்குத் தருவது விளக்குச்சுருள். பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகளில் பெரும்பாலும் இது இருக்காது. பாயிண்ட்டுக்குப் பதில் மின்னணுப் பெட்டி உள்ள சி.டி.ஐ. வண்டியில் ‘இப்போது விடு’ என்று பெட்டிக்குச் சொல்வது சைகைச்சுருள், மெக்கானிக் வாயில் பல்சர் காயில். டேங்குக்கு அடியில் தொங்கி மின்னழுத்தத்தை ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புவது ஏற்றுச்சுருள்.

ஏற்றுச்சுருளில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பேட்டரி வண்டிக்கான ஏற்றுச்சுருளும் பேட்டரி இல்லாத மேக்னட் வண்டிக்கானதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றின் (பிரைமரி) மின்தடை வேறு. மாற்றிப் போட்டால் பொறி மங்கலாக வரும், இல்லையேல் வராது. கடையில் “எல்லாம் ஒண்ணுதான், போடுங்க” என்று சொல்லிக் கொடுத்த பேட்டரி காயிலை மாட்டிவிட்டு, பிளக்கின் மேலும் கார்புரேட்டரின் மேலும் பழி போட்டுக்கொண்டு அலைந்தவன் நான். அதனால் கையேட்டில் ‘மேக்னட் ஏற்றுச்சுருள்’, ‘பேட்டரி ஏற்றுச்சுருள்’ என்று பிரித்தே எழுத வேண்டும். சூடானதும் அணைந்துபோய், ஆறியதும் ஓடுகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை சுருளும் பாயிண்ட்டோடு இணைந்த கண்டென்சரும் என்பதையும் சேர்க்கலாம். கண்டென்சருக்கு ‘மின்தேக்கி’ நிலைத்த சொல், விவாதம் வேண்டாம். பழையதைத் தேடி அலையவும் வேண்டாம். 0.2 மைக்ரோஃபாரட் அளவில், 400 வோல்ட்டுக்குக் குறையாத புதிய ஃபிலிம் வகை போட்டால் போதும்.

சி.டி.ஐ. பெட்டியை அப்படியே விட்டுவிடுவோம் என்பது என் கருத்து. பெரம்பூரிலிருந்து எழுதிய அம்மா அதற்குத் தந்த நீளமான தொடர் பாடநூலுக்கு ஆகும், பட்டறைக்கு ஆகாது. இக்னிஷனுக்கு ‘எரியூட்டல்’ வேண்டாம் என்று அவர் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். செய்தித்தாளில் அந்தச் சொல் மயானத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, நமக்குப் ‘பற்றவைப்பு’ போதும். மேக்னட்டுக்குக் ‘காந்தச்சக்கரம்’ என்று அவர் தந்தது அழகு. சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள் என்று எழுதும் இடத்தில், தட்டினால் காந்தம் தளரும் என்பதைச் சொல்லே நினைவூட்டும்.

இத்தனை ஆர்வமாக எழுதக் காரணம் உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து வண்டிகளும், திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் செய்த ஷெர்பா போன்ற டூ-ஸ்ட்ரோக்குகளும், மைசூர் ஜாவாக்களும் நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் கிடக்கின்றன. ஜாவாவின் கூட்டாளியான சி.இசட். வண்டியில்தான் பெல்ஜிய வீரர் ஜோயல் ராபர்ட் 1964-இல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். பிரிமுனை வண்டிகளை இன்றும் நாமே திறந்து சீராக்க முடியும். ஸ்பெயினின் மோட்டோபிளாட் போன்ற பிசினில் புதைத்த மின்னணுப் பெட்டிகள் செத்தால் நாமே திறந்து சீராக்க வழியில்லை, ஜெர்மனியின் பி.வி.எல். நிறுவனம் விற்பது போன்ற முழுத் தொகுப்பாகத்தான் பெரும்பாலும் மாற்ற வேண்டும். அப்படி வாங்கும்போது சக்கரம் உட்காரும் கிராங்க் தண்டு முனையின் கூம்புச் சரிவும் சுழலும் திசையும் பொருந்த வேண்டும்.

‘கூம்புச் சரிவு’ என்று எழுதிவிட்டேன், ஆனால் கடைசலில் ‘டேப்பர்’தான் ஓடுகிறது. லேத் வேலை தெரிந்தவர்கள் இதற்கு ஒரு சொல் தந்தால் நான்காம் அத்தியாயத்தை முடித்துவிடலாம். பிரிமுனைக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து