ஏற்காடு மூடுபனியில் பறவை பார்த்தல்: மார்கழி அனுபவப் பகிர்வு (நான்கு பேர் புனைபெயரில் பேசுகிறார்கள்)

காப்பிக்காடு:
அண்ணா பூங்கா, ஏரிக்கரைப் பக்கம் மூடுபனி கவிழ்ந்த காலையில் ஆறரை மணிக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. செம்மீசைச் சின்னான் முதலில் குரல் கொடுக்கும். ஈப்பிடிப்பான்கள் தாமதமாகத்தான் வரும். குளிரில் பூச்சி பறக்காதே. வெயில் எந்த மரத்து உச்சியில் முதலில் விழுகிறதோ அங்கே நில்லுங்க, பெரும்பாலும் சில்வர் ஓக்கின் கிழக்குப் பக்கம். பனி விலகிய அரைமணி நேரத்தில் கலப்புக் கூட்டம் இறங்கும்: வெள்ளைக்கண்ணி, மின்சிட்டு, சாம்பல் பட்டாணிக்குருவி, கூடவே கரிச்சான். கூட்டத்தின் பின்னால் ஓடாதீங்க. அது நகரும் திசையில் இருபது முப்பது மீட்டர் முன்னால் போய் அசையாமல் நின்றால் தலைக்கு மேலேயே மேயும்.

மூக்கனேரி:
அண்ணன் சொன்னதோடு பைனாகுலர் விஷயம். பனியில் 8×42 போதும், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., பாக்கெட்டில் போடுகிற 10×25-ல் 2.5 மி.மீ.தான், மங்கிய வெளிச்சத்தில் எல்லாம் கருப்பாகத் தெரியும். பெரிதாக்கினால் பனியும் சேர்ந்து பெரிதாகும். கண் வைக்கிற கண்ணாடி வேர்ப்பது முகச் சூட்டாலும் மூச்சாலும். மூக்குக்கு மேலே மப்ளர் கட்டினால் மூச்சு நேரே கண்ணாடிக்கு ஏறும், கீழே இறக்கிவிடுங்க. சில்லிட்டுப்போன பைனாகுலரோடு டீக்கடை அடுப்புப் பக்கம் நுழைந்தாலும் உடனே பூத்துவிடும். துண்டால் துடைக்கக் கூடாது, கோட்டிங் கீறும். நைட்ரஜன் அடைத்தது என்று விற்பவை உள்ளே பூக்காது, வெளியே பூக்கத்தான் செய்யும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்க; மலை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் எடுப்பது பெரும்பாடு.

புதுக்குருவி:
பூங்கா வேலியில் மஞ்சள்தொண்டைச் சின்னான் மாதிரி ஒன்று இருந்தது. பட்டியலில் போடலாமா அண்ணா?

காப்பிக்காடு:
அவசரப்படாதே தம்பி. அது பாறையும் புதரும் கலந்த சரிவில் இருக்கிற பறவை, தென்னிந்தியாவுக்கே உரியது. தலை, தொண்டை முழுக்க மஞ்சளாக இருந்ததா? வெள்ளைப் புருவம் தெரிந்திருந்தால் வெண்புருவச் சின்னான். பனியில் நிறம் வெளுத்துத் தெரியும், படம் இல்லாமல் இதைப் போட வேண்டாம். கரிச்சானிலும் இதே குழப்பம்தான். பனியில் எல்லாம் கருப்பு. வாயோரம் சிறு வெள்ளைப் புள்ளி இருந்தால் வயல்வெளியில் பார்க்கிற இரட்டைவால் குருவி. மர உச்சியில் ரத்தச் சிவப்புக் கண்ணோடு உட்கார்ந்திருந்தால் குளிர்கால விருந்தாளியான சாம்பல் கரிச்சான்.

சருகு:
எல்லாரும் மேலேயே பார்க்கறீங்க. பனிக்காலத்தில் நல்ல சரக்கு தரையில்தான், என் கணக்கில். ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் அடிக்கும். குரல் வந்த இடத்தில் சருகு புரளும் சத்தத்தைத் தேடுங்க. காப்பிச்செடி அடியில் வாலை வெடுக்கென ஆட்டிக்கொண்டு இமயத்திலிருந்து வந்த இந்திய நீல ராபின் திரியும், ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு. தோட்டப் பாதையில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்டும். இப்போது காப்பிப்பழம் பறிக்கிற நேரம், தோட்டத்துக்குள் கேட்டுக்கொண்டு போங்க. செல்போனில் குரல் போட்டு இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். குளிரில் இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும்.

மூக்கனேரி:
படம் எடுப்பவர்களுக்கு: வெள்ளைப் பின்னணியை நம்பி கேமரா இருட்டடிக்கும், எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்க. ஆட்டோஃபோகஸ் பனியில் தடுமாறும், நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வையுங்க.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) பட்டியல் போடுபவர்கள் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் பாருங்க. குரல் மட்டும் கேட்டவையும் கணக்கில் சேரும், அடையாளம் உறுதியாக இருந்தால். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹை பீம் வேண்டாம். பனியில் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீங்க, ஏரிக்கரைக் குரங்குகளுக்குப் பையும் பைனாகுலரும் ஒன்றுதான்.