ரோக் கையில் மந்திரம்: உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் ரோக், அதாவது திருடன் பாத்திரம், ஆடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். மந்திரம் தெரிந்த திருடனை ஆடியிருந்தால், அது கைகொடுத்த சம்பவமோ காலை வாரிய சம்பவமோ ஒன்றை இங்கே எழுதுங்கள். எந்த மந்திரம் சிறந்தது என்ற பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கிறது. ஆடும்போது என்ன நடந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை.

நானே தொடங்குகிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். என் பாத்திரம் ஒரு ஹாஃப்லிங், குள்ள இனத்தவன். மூன்றாவது லெவலில் ஆர்கேன் டிரிக்ஸ்டர், அதாவது மந்திரம் கற்ற ரோக், ஆனான். மேஜ் ஹேண்ட் என்ற மாயக் கையோடு சேர்த்து மூன்று கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய குட்டி மந்திரம்), முதல் நிலை மந்திரம் மூன்று, அவற்றைப் போட ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு ஸ்லாட் (ஒரு முறை போட ஒன்று செலவாகும்). முதல் நிலை மந்திரம் மூன்றில் இரண்டு மாயத்தோற்றமாகவோ மனமயக்காகவோ இருக்க வேண்டும். மிச்சம் ஒன்று நம் இஷ்டம். அந்த ஒன்றுக்கு பர்னிங் ஹேண்ட்ஸ் எடுத்தேன். நெருப்பு கக்கும் திருடன் என்ற நினைப்பே பிடித்திருந்தது.

முதல் சண்டையிலேயே மூன்று காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) வரிசையாக நின்றன. போட்டேன். மூன்று பகடையும் சேர்ந்து 8. என் இன்டலிஜென்ஸ் 14 என்பதால் அவை தப்பிக்க 12 உருட்டினால் போதும். இரண்டு தப்பின. ஒன்று செத்தது, மற்ற இரண்டும் பாதி அடியோடு என் முகத்துக்கு எதிரே நின்றன. பதினைந்து அடிக்குள் போனால்தானே அந்த நெருப்பே எட்டும்? அன்றைய ஸ்லாட்டில் பாதி போயிற்று, நானும் விழுந்தேன். ஒரு நண்பனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கத்தியால் குத்தியிருந்தால் ரோக்கின் ஸ்னீக் அட்டாக்கே (எதிராளி அசந்த நேரத்தில் கூடுதல் பகடை சேரும் அடி) அதைவிடப் பலமாக விழுந்திருக்கும், ஸ்லாட்டும் செலவில்லை.

அடுத்த வாரம் நடந்தது வேறு கதை. ஆற்றங்கரைச் சுங்கச்சாவடி. மேல்மாடியில் ஒரு மீனவச் சிறுவனை அடைத்து வைத்திருந்தார்கள். சாவி காவலாளியின் இடுப்புப் பையில். அவனைக் கொல்லக் கூடாது என்று எங்கள் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மேஜ் ஹேண்டை வாய்விட்டுச் சொல்லித்தான் அழைக்க வேண்டும், அதனால் படிக்கட்டு வளைவுக்குப் பின்னால் போய் அழைத்தேன். டிரிக்ஸ்டரின் கை யார் கண்ணுக்கும் தெரியாது. முப்பது அடி தூரம், ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பையைத் திறக்க ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைத்திறன்): பகடையில் 9, என் கூட்டல் 7, ஆக 16. காவலாளிக்கு 12. சாவி காற்றில் மிதந்து வந்தது. ஐந்தாவது சுற்றில் கதவு திறந்தது, ஏழாவதில் பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, சாவியைத் திருப்பி வைத்தால் என்ன? பூட்டிவிட்டு, கையை மறுபடி அனுப்பினேன். பகடையில் வெறும் 3. மொத்தம் 10. டிஎம் திரைக்குப் பின்னால் உருட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எட்டு" என்றார். பூட்டிய அறை, பையில் சாவி, உள்ளே பையன் இல்லை. பிறகு இரண்டு அமர்வு முழுக்க அந்தச் சாவடிக்காரர்கள் பேயோட்டுபவரைத் தேடி அலைந்தார்கள். ஒரு ஸ்லாட்கூடச் செலவாகவில்லை. என்னைப் பொறுத்தவரை ரோக்குக்கு மந்திரம் என்பது இதுதான்: அவன் கையை இன்னும் முப்பது அடி நீட்டுவது.

*

அருமை தம்பி. நான் பழைய ஆள், இரண்டாம் பதிப்பில் ஆடியவன். எங்கள் காலத்தில் திருடனுக்கு மந்திரம் என்றால் மந்திரம் எழுதிய சுருளைப் படிப்பது ஒன்றுதான். அதுவும் பத்தாவது லெவலுக்குப் பிறகு. 1,60,000 அனுபவப் புள்ளி சேர்த்தால்தான் அந்த லெவல். சேர்த்த பிறகும், படிக்கும்போது 25 சதவீதம் தப்பாகப் படித்துவிடுவான், மந்திரம் தலைகீழாகக்கூட வேலை செய்யலாம்.

இரண்டு வருடம் ஆடி அந்த லெவலுக்கு வந்தேன். வந்த மூன்றாம் வாரம் பார்வையாலேயே கல்லாக்கும் பாசிலிஸ்க் என்ற மிருகம் எங்கள் வீரனைக் கல்லாக்கிவிட்டது. மந்திரவாதி அதற்கு முந்தைய அறையிலேயே இறந்துவிட்டார். அவர் பையில் ஸ்டோன் டு ஃபிளெஷ் சுருள் ஒன்று இருந்தது. கல்லைச் சதையாக்கும் மந்திரம். தலைகீழானால் சதையைக் கல்லாக்கும். "தப்பாகப் படித்தால் நீதான் சிலை" என்று டிஎம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சுருளை மடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போய் வேறு மந்திரவாதியைத் தேடலாம் என்று ஒருவன் சொன்னான். ஊர் பதினோரு நாள் தூரம். சிலையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, உடைந்தால் அவ்வளவுதான்.

படித்தேன். சதவீதப் பகடை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. 31 விழுந்தது. ஆறு எண்ணில் தப்பித்தேன். ஆனால் அதோடு முடியவில்லை. கல்லிலிருந்து திரும்புகிறவன் உடம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். அவனுக்கு கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, அதாவது 88 சதவீதம். அவன் கையாலேயே உருட்டட்டும் என்று விட்டோம். 64. பிழைத்தான்.

இன்றைக்கு மூன்றாவது லெவலிலேயே மந்திரம் கிடைக்கிறதே என்று பொறாமைப்படவில்லை. ஆனால் திருடன் மந்திரத்தை முழுசாகப் புரியாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கிறான் என்ற அந்த நடுக்கம் இப்போதைய விதிகளில் இல்லை. அதை நான் இழப்பாகத்தான் பார்க்கிறேன்.

*

அண்ணா சொன்ன அந்த நடுக்கம் 3.5 பதிப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யூஸ் மேஜிக் டிவைஸ் என்ற திறன். மந்திரக்கோலை ஏமாற்றி இயக்க 20 எட்ட வேண்டும். பகடையில் 1 விழுந்து தோற்றால் அந்தப் பொருளை இருபத்துநான்கு மணி நேரம் மறுபடி இயக்கிப் பார்க்க முடியாது. எங்கள் கிளெரிக் விழுந்து கிடந்தபோது அவர் கோலை எடுத்து, முதல் முயற்சியில் 17, இரண்டாவதில் 23. அவர் கண் திறந்தார். அன்று முதல் அந்தக் கோல் என் இடுப்பில்தான்.

*

நான் பெரும்பாலும் டிஎம். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

புதிதாக டிரிக்ஸ்டர் எடுப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான். டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்புக்கு) எல்லாம் கொடுத்துவிட்டு இன்டலிஜென்ஸில் 10 வைத்துக்கொள்வார்கள். பிறகு சார்ம் பெர்சன், ஹிடியஸ் லாஃப்டர் என்று எதிராளி உருட்டித் தப்பிக்கக்கூடிய மந்திரங்களாக எடுப்பார்கள். ஐந்தாவது லெவலில் எதிராளி தப்பிக்க எட்ட வேண்டிய எண் 11. சாதாரணக் காவலாளிகூடப் பாதி நேரம் தப்பிவிடுவான். என் மேசையில் ஒரு தங்கை தொடர்ந்து நான்கு அமர்வு ஒரு மந்திரம்கூடப் பலிக்காமல் வீட்டுக்குப் போனாள். ஐந்தாவது வாரம் வர மனமில்லை என்று செய்தி அனுப்பினாள். தவறு என்னுடையதும்தான், பாத்திரம் உருவாக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உட்கார்ந்து பேசினோம். விதிப்படி ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு மந்திரத்தை மாற்றலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற நானே அனுமதி கொடுத்தேன். எதிராளி பகடையை நம்பாத மந்திரங்களாக எடுத்தாள்: டிஸ்கைஸ் செல்ஃப் (மாறுவேடம்), ஷீல்ட் (கவசம்), சைலன்ட் இமேஜ் (மாயக் காட்சி). ஏழாவது லெவலில் இன்விசிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியாமல் போவது). எட்டாவதில் எந்த வகையும் எடுக்கலாம் என்பதால் மிஸ்டி ஸ்டெப், கண்ணில் படும் இடத்துக்கு நொடியில் தாவும் மந்திரம்.

அந்த மிஸ்டி ஸ்டெப்பை நான் மறக்கவே மாட்டேன். அவளைப் பிடித்து, மணிக்கட்டு இரண்டையும் பின்னால் கட்டி, இரும்புக் கம்பிக் கதவுக்குள் போட்டேன். தப்பிக்க வழி என்று நான் யோசித்து வைத்தது கூரையில் ஒரு தளர்ந்த கல். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. "கம்பி வழியாகத் தாழ்வாரம் தெரிகிறதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். "மிஸ்டி ஸ்டெப்புக்குக் கை வேண்டாம், வாய் மட்டும் போதும்" என்றாள். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், சரிதான். கயிறு கட்டியபடியே வெளியே போய் நின்றாள். வாயையும் கட்டினேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததைப் பிறகு சேர்ப்பது நியாயமில்லை. மேசை மொத்தமும் எழுந்து கத்தியது. அவள் இப்போது எங்கள் குழுவில் ஒரு வாரமும் தவறுவதில்லை.

*

நண்பரே, பாத்ஃபைண்டர் என்ற இதே போன்ற விளையாட்டின் முதல் பதிப்பு ஆடுபவர்களும் இருக்கிறோம். அங்கே ரோக் டேலன்ட்டாகவே (ரோக்கின் தனித்திறமையாக) மைனர் மேஜிக் எடுக்கலாம், குட்டி மந்திரம் ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று முறை. நான் கோஸ்ட் சவுண்ட் எடுத்தேன். இருட்டுக் குகையில் பக்கத்து வழியில் காலடிச் சத்தம் கிளப்பி, நான்கு காவலர்களில் மூவரை அந்தப் பக்கம் ஓட வைத்தேன். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

*

எல்லோருக்கும் நன்றி. டிஎம் அண்ணா சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதனால் திரும்ப வந்தேன்.

எதிராளி உருட்டும் மந்திரங்களை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். ஒன்பதாவது லெவலில் மேஜிக்கல் ஆம்புஷ் வருகிறது. ஒளிந்திருந்து மந்திரம் போட்டால், அந்தத் திருப்பத்தில் எதிராளி இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். நான் இதற்காகவே இன்டலிஜென்ஸை 16 ஆக்கினேன். என் எண் 15.

போன வாரம், துறைமுகக் கிடங்கு. கடத்தல் கூட்டத்தின் தலைவன் நடுவில். நான் பதினைந்து அடி தள்ளிப் பெட்டிகளுக்குப் பின்னால். ஆளை உறைய வைக்கும் ஹோல்ட் பெர்சன் போட்டேன். டிஎம் இரண்டு பகடையையும் எல்லோர் கண்ணெதிரே உருட்டினார்: 17, 6. வழக்கம்போல் ஒரே பகடை, அதில் அந்த 17 என்றால் தப்பியிருப்பான். உறைந்து நின்றான்.

மந்திரத்திலேயே என் ஆக்ஷன் போய்விட்டது, அந்தத் திருப்பத்தில் என்னால் குத்த முடியாது. அடுத்து அவனுடைய ஆள் ஒருவன் அம்பு விட்டான், எனக்கு 9 அடி. கவனம் சிதறாமல் இருக்க 10 வேண்டும், 12 வந்தது. தலைவன் தன் திருப்பத்தின் முடிவில் மறுபடி உருட்டினான். இந்த முறை ஒரே பகடைதான், ஒளிந்திருந்த பலன் முதல் திருப்பத்தோடு முடிந்துவிடும். 11. இன்னும் உறைந்தே நின்றான். பிறகு நான்.

உறைந்தவனைப் பக்கத்தில் போய்க் குத்தினால் பட்டதெல்லாம் கிரிட்டிகல், அதாவது அடியின் பகடை இரட்டிப்பு. ஸ்னீக் அட்டாக் ஐந்து பகடை பத்தாகும், குறுவாளின் ஒன்று இரண்டாகும். பன்னிரண்டு ஆறுமுகப் பகடை. என் டப்பாவில் ஏழுதான் இருந்தன. கிளெரிக் மூன்று கொடுத்தாள், டிஎம் திரைக்கு மேலாக இரண்டு நீட்டினார். பன்னிரண்டையும் இரண்டு கையாலும் அள்ளி உருட்டினேன். ஒன்று மேசைக்குக் கீழே போய்விட்டது, குனிந்து டார்ச் அடித்துத் தேடினோம். அது 5. மொத்தம் 44, அதோடு என் டெக்ஸ்டெரிட்டி 4.

நான் தொடக்கத்தில் எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவும் நெருப்பு கக்கும் வேலை இல்லை. குத்தியது என் கத்தி. மந்திரம் அவனைப் பிடித்து நிறுத்தியது, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் மட்டும். பத்தாவது லெவலில் எனக்கு இன்னொரு கேன்ட்ரிப் கிடைக்கும். மைனர் இல்லூஷனும் பூமிங் பிளேடும் ஏற்கெனவே இருக்கின்றன. மெசேஜ் (தூரத்திலிருந்து கிசுகிசுப்பது) எடுக்கலாமா, பிரெஸ்டிடிஜிடேஷனா (சின்னச் சின்ன வித்தைகள்)? மெசேஜ் எடுத்து ஆடியவர்கள் யாராவது இருந்தால், அது கைகொடுத்த ஒரு சம்பவம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த அமர்வு.